உயிலும் உழைப்பின் ஊதியமும்

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் குளத்தைக் கடந்து, லஸ் முனை வழியாக லஸ் சர்ச் சாலையில் நடப்பவர்களுக்கு இன்று அடுக்குமாடிக் கட்டடங்களே மிகுதியாகக் கண்ணில் படும். ஒரு காலத்தில் அந்தச் சாலையின் இரு மருங்கிலும் மரங்கள் அடர்ந்த தோட்டங்களும், அவற்றின் நடுவே பெரிய பங்களாக்களும் இருந்தன. அவற்றில் பல வக்கீல்களின் வீடுகள். வாயிலில் பெயர்ப்பலகை, தாழ்வாரத்தில் கட்சிக்காரர்கள் காத்திருக்க நீண்ட பெஞ்சு, முன்னறையில் கூரைவரை எழுந்த புத்தக அலமாரிகள், ஒரு மூலையில் கட்டுகளைப் பிரித்து அடுக்கும் குமாஸ்தா. வக்கீலின் அலுவலகமும் இல்லமும் ஒன்றாகவே இருந்த காலம் அது. அத்தகைய அலுவலகம் ஒன்றில், ஆனால் அவ்வளவு பெரியதல்லாத ஒன்றில், ஜூனியராக நானும் சில ஆண்டுகள் பழகினேன். அங்கே கற்ற ஒரு பாடத்தையும், அதன் பின்னே உள்ள நூறாண்டு வரலாற்றையும் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அந்தப் பாடம் உயிலைப் பற்றியது.

'உயில்' என்ற சொல்லையே சற்று நோக்குங்கள். அது ஆங்கிலத்திலிருந்து நாம் பெற்றுக்கொண்ட சொல். சொல்லைக் கடன் வாங்க நேர்ந்தது ஏன்? அந்தப் பொருளுக்கு நம் பழைய குடும்ப முறையில் பெரிய தேவை இருக்கவில்லை என்பதே காரணம். தமிழகத்து இந்துக்களிடையே பெரும்பாலும் வழங்கிய மிதாட்சர முறையின்படி, கூட்டுக் குடும்பத்தில் ஆண்மகவு பிறந்த கணமே பரம்பரைச் சொத்தில் அதற்கும் உரிமை உண்டாகிவிடும். பாகம் பிரியாத நிலையில் ஒருவர் இறந்தால், அவர் பங்கு எஞ்சியுள்ள ஆண் பங்காளிகளைச் சேரும். இறப்பவர் அதைத் தம் விருப்பப்படி எவருக்கும் எழுதிவைக்க இயலாது. தாமே தேடிய தனிச் சொத்தைப் பற்றி மட்டுமே அவர் சொல்ல முடியும். ஆகவே, உயில் எழுதத் துணிந்தவர் முதலில் விடை காணவேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. இந்தச் சொத்து உண்மையில் என்னுடையதுதானா? இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமையும்.

சென்னையில் இந்தியர் எழுதிய பழைய உயில்களுள் மிகவும் புகழ்பெற்றது பச்சையப்ப முதலியாருடையது. கூவம் ஆற்றங்கரையில் உள்ள கோமளீசுவரன்பேட்டையில் வாழ்ந்தவர் அவர். ஆங்கிலேயரிடம் துபாஷியாக இருந்து பெரும்பொருள் ஈட்டியவர். 1794ஆம் ஆண்டு மார்ச் மாதம், நோயுற்றிருந்த நிலையில், கோயில்களுக்கும் அறச்செயல்களுக்கும் தம் செல்வத்தை ஒதுக்கி உயில் எழுதினார். அதே மாதத்தில் தம் நாற்பதாம் வயதில் காலமானார். ஆனால் எழுதிய உயில் தானாக நிறைவேறிவிடவில்லை. வழக்குகள் நீண்டன, அறங்கள் தடைப்பட்டன, பணம் மட்டும் வட்டியோடு வளர்ந்தது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இதில் பெருமுயற்சி எடுத்துக்கொண்டார். அக்காலத்தில் சென்னையில் இருந்த சுப்ரீம் கோர்ட்டு 1832இல் ஒரு திட்டம் வகுத்தது. கோயில் தருமங்களுக்கு வேண்டிய தொகை போக, எஞ்சியது கல்விக்கு ஒதுக்கப்பட்டது. 1842ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பச்சையப்பர் பெயரால் பள்ளி திறக்கப்பட்டது. பின்னர் அதுவே கல்லூரியாக வளர்ந்தது. எழுதியவர் மறைந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்துத்தான் முதல் மாணவன் அந்தப் பள்ளியின் படியேறினான். நல்ல எண்ணம் மட்டும் போதாது. அதை நிறைவேற்ற நம்பத்தக்க கைகளும் வேண்டும் என்பதைச் சென்னை நகரம் இந்த உயிலிலிருந்து அறிந்துகொண்டது.

1862இல் சென்னை உயர் நீதிமன்றம் தோன்றியது. அதன் பிறகு இந்திய வக்கீல்களின் செல்வாக்கு மெல்ல மெல்ல உயர்ந்தது. தஞ்சை, திருநெல்வேலி, செங்கற்பட்டு முதலிய மாவட்டங்களிலிருந்து கல்வியை மட்டுமே முதலாகக் கொண்டு வந்த இளைஞர்கள், மயிலாப்பூரில் குடியேறி, வழக்காடிப் பொருளும் புகழும் பெற்றனர். எஸ். சுப்பிரமணிய ஐயர், வி. பாஷ்யம் ஐயங்கார், பி. ஆர். சுந்தரம் ஐயர், வி. கிருஷ்ணசாமி ஐயர், பி. எஸ். சிவசாமி ஐயர் ஆகியோர் இவர்களுள் முன்னணியில் நின்றவர்கள். இவர்களுக்கு வழக்கு மட்டுமே வாழ்க்கையாக இருக்கவில்லை. மயிலாப்பூரில் சனிக்கிழமைதோறும் வக்கீல்கள் கூடித் தீர்ப்புகளை விவாதித்த வழக்கத்திலிருந்து 1891இல் 'மெட்ராஸ் லா ஜர்னல்' என்ற சட்ட இதழ் பிறந்தது. கிருஷ்ணசாமி ஐயர் வெங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலையையும், 1906இல் சமஸ்கிருதக் கல்லூரியையும் தோற்றுவித்தார். ரானடே நூல் நிலையம் அமையவும் உழைத்தார். அரசியலில் மிதவாதியாக இருந்தும், பாரதியாரின் நாட்டுப் பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டு வழங்கியவரும் அவரே. அந்நாளைய மயிலாப்பூரில் வக்கீலின் முன்னறை, ஊர்ப்பொதுக் காரியங்கள் கூடிப் பேசி முடிவாகும் சாவடியாகவும் விளங்கியது.

இந்த உறவின் ஆழத்தை 1906ஆம் ஆண்டு வெளிப்படுத்தியது. அந்த ஆண்டு அக்டோபரில், சென்னையின் பெயர்பெற்ற ஆங்கில வணிக நிறுவனமான ஆர்பத்நட் கம்பெனி நொடித்துக் கதவை மூடியது. ஓய்வு பெற்றவர்களின் சேமிப்பும், கைம்பெண்களின் ஜீவனப் பணமும், மகள் திருமணத்துக்கென ஒதுக்கிய தொகையும் ஒரே நாளில் முடங்கின. மறைந்த ஒருவர் எத்தனை கவனமாக உயில் எழுதியிருந்தாலும், அவர் பணம் வைத்த இடம் பாழானால் அந்த உயில் வெறுங்காகிதமே. கம்பெனியின் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் ஆர்பத்நட்டுக்கு 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் தண்டனையால் இழந்த பணம் திரும்பி விடாதல்லவா? கடன் கொடுத்தவர்களுக்காக வாதாடிய கிருஷ்ணசாமி ஐயர், இந்தியர்களே நடத்தும் வங்கி ஒன்று வேண்டும் என்று முன்னின்று உழைத்தார். 1907 மார்ச்சில் பதிவாகி, ஆகஸ்டு 15ஆம் நாள் இந்தியன் வங்கி தன் பணியைத் தொடங்கியது. குடும்பங்களின் நாளைய வாழ்வுக்கு வழிசொல்லும் கடமை, ஒரு வக்கீலை வங்கி நிறுவச் செய்தது.

இனி நாம் முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். பிறருக்கெல்லாம் சொத்து விவகாரங்களில் அறிவுரை கூறிய இந்த வக்கீல்களுக்குத் தம் சொந்தச் சம்பாத்தியம் தம்முடையதுதானா என்பதில் ஐயம் இருந்தது. நம்புவதற்குக் கடினமாக இருக்கிறதல்லவா? காரணம் இதுதான். கூட்டுக் குடும்பப் பொருளைச் செலவிட்டுப் பெற்ற சிறப்புக் கல்வியால் ஒருவன் ஈட்டும் வருவாய், அந்தக் குடும்பம் முழுவதற்கும் உரியது என்று நீதிமன்றங்கள் கருதி வந்தன. தந்தையின் நிலத்து வருமானத்தில் சட்டம் படித்தவன் பிற்காலத்தில் லட்சம் ஈட்டினாலும், ஊரில் இருக்கும் அண்ணன் தம்பியர் அதில் பங்கு கேட்கலாம். அவன் மறைந்தால், அவன் கட்டிய வீட்டின்மேல் மனைவிக்கும் மகளுக்கும் முன்னதாகப் பங்காளிகளின் கை நீளலாம்.

பாஷ்யம் ஐயங்கார் இந்த நிலையை மாற்ற விரும்பினார். 1844இல் பிறந்த அவர், சென்னையின் அட்வகேட் ஜெனரலாகத் தற்காலிகமாகப் பணிபுரிந்த முதல் இந்தியர். பின்னர் உயர் நீதிமன்ற நீதிபதியும் ஆனார். கல்வியால் வந்த சம்பாத்தியம், கற்றவனுக்கே தனிச் சொத்து என்று கூறும் மசோதாவை 1891இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்தார். மாகாணமெங்கும் வாதப் பிரதிவாதம் எழுந்தது. கூட்டுக் குடும்பமே குலைந்துவிடும் என்று எதிர்த்தவர்கள் பலர். நெடிய விவாதத்துக்குப் பின் மன்றம் அதனை நிறைவேற்றியும், ஆளுநர் ஒப்புதல் அளிக்க மறுத்துவிட்டார். பாஷ்யம் ஐயங்கார் 1908இல் மறைந்தபோது, அவர் விரும்பிய சட்டம் வெறும் கனவாகவே இருந்தது.

மாணவர்களே, எதிர்த்தவர்களை எல்லாம் பிற்போக்காளர் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. தம்பி சென்னையில் படிக்க, அண்ணன் சேற்றில் இறங்கி உழுதான். தாய் தன் நகையை விற்றாள். அந்த வியர்வையின் பயனாகவே தம்பி வக்கீல் அங்கி அணிந்தான். வெற்றி வந்ததும் 'இது என் மூளையின் வருமானம். உங்களுக்கு இதில் பாத்தியதை இல்லை' என்று அவன் சொல்லலாமா? மறுபுறம், இரவெல்லாம் விழித்துக் கற்று உழைத்தவன் தன் மனைவி மக்களுக்கு ஒரு வீட்டையேனும் உறுதியாக விட்டுச்செல்ல முடியவில்லை என்றால், அதுவும் அநீதி அன்றோ? இரண்டு நியாயங்கள் ஒன்றோடொன்று மோதும் இடத்தில்தான் சட்டத்தின் வரலாறு நடைபெறுகிறது.

1921இல் லண்டன் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பு ஒன்று இந்த மோதலைக் கூர்மையாக்கியது. குடும்பப் பணத்தில் படித்து ஐ.சி.எஸ். பதவி பெற்ற ஒருவரின் சம்பாத்தியமும் கூட்டுக் குடும்பச் சொத்தே என்று அது கூறியது. படித்த வகுப்பார் அனைவரும் திடுக்கிட்டனர். இறுதியில் எம். ஆர். ஜெயகரின் முயற்சியால், 1930இல் இந்தியா முழுவதற்குமான சட்டம் நிறைவேறியது. குடும்பத்தார் செலவில் கற்றிருந்தாலும், கல்வியால் வந்த ஊதியம் கற்றவனுக்கே தனிச் சொத்து என்று அது தெளிவாக விதித்தது. சென்னையில் ஒருவர் தொடங்கி வைத்த முயற்சி நிறைவேற ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

இதன் பயன் யாருக்குக் கிடைத்தது? மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகர் எழுந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் அடையாற்றுப் பக்கமும் வீடுகள் பெருகின. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அங்கே மனை வாங்கிய குமாஸ்தாவும், ஆசிரியரும், பொறியியலாளரும் 'இது நான் தேடிய சொத்து' என்று அச்சமின்றி எழுத முடிந்தது. சிவசாமி ஐயருக்குக் குழந்தைகள் இல்லை. அவர் தம் செல்வத்தின் பெரும்பகுதியைக் கல்விக்கே அளித்தார். தஞ்சை மாவட்டத்துத் திருக்காட்டுப்பள்ளியில் அவர் பெயரால் ஒரு பள்ளியும், மயிலாப்பூரில் அவர் மனைவியாரை நினைவூட்டும் லேடி சிவசாமி ஐயர் பெண்கள் பள்ளியும் உள்ளன.

ஆயினும் கற்றவனுக்குக் கிடைத்த உரிமை, அவன் வீட்டுப் பெண்ணுக்கு உடனே கிடைத்துவிடவில்லை. 1937ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் பங்கு அளித்தது. ஆனால் அவள் வாழ்நாள் வரை அனுபவிக்கலாமே தவிர, தன் விருப்பப்படி எழுதிவைக்க முடியாது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம்தான் பெண்ணின் சொத்தை அவளுக்கு முழு உரிமையாக்கியது. கூட்டுக் குடும்பத்தில் தமக்குள்ள பங்கையும் ஒருவர் உயிலால் எழுதிவைக்கலாம் என்ற அனுமதியும் அப்போதுதான் வந்தது.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறவேண்டும். நான் ஜூனியராகச் சேர்ந்த முதல் ஆண்டு. தியாகராய நகரிலிருந்து வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் என் மூத்த வக்கீலிடம் வந்தார். காலஞ்சென்ற கணவர், தம் சேமிப்பில் வாங்கிய சிறு வீட்டை அவர் பெயரிலேயே பதிவு செய்திருந்தார். மூன்று மகன்கள், மூவரும் நல்ல உத்தியோகத்தில் இருந்தார்கள். ஒரு மகள், இளமையிலேயே கணவனை இழந்து தாயோடு வாழ்ந்தவள். உயில் ஒன்று தயாரிக்கும்படி மூத்தவர் என்னிடம் சொன்னார். அலுவலகத்தில் இருந்த பழைய படிவத்தைப் பார்த்து நானும் விரைவாக எழுதினேன். 'என் குமாரர்கள் மூவரும் சமமாக அடையவேண்டியது' என்ற வாசகம் தானாகவே என் பேனாவிலிருந்து வந்துவிட்டது.

மூத்தவர் அதைப் படித்தார், முகம் சுளிக்கவில்லை. "இந்த அம்மாளைக் கேட்டாயா?" என்றார். நான் மௌனமாக நின்றேன். உடன் வந்திருந்த மகனை வெளியே தாழ்வாரத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, அவர் அந்த அம்மையாரிடம், "அம்மா, யாருக்கு என்ன சேரவேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். அவசரம் ஒன்றுமில்லை" என்றார்.

அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இதுவரை என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. வீடு என் மகளுக்கு. பிள்ளைகளுக்கு நான் சொன்னால் புரியும். நான் போன பிறகு சொல்ல ஆளில்லை. அதனால்தான் எழுதவேண்டும் என்கிறேன்" என்றார்.

அந்த உயிலை நான் மீண்டும் எழுதினேன். உயில் இல்லாமல் விட்டிருந்தால், சட்டப்படி அந்த வீடு நான்கு பங்காகியிருக்கும். என் முதல் பிரதியில் அவர் கையெழுத்திட்டிருந்தால், மகளுக்குத் தங்க ஓர் அறையும் மிஞ்சியிராது. சட்டம் பெண்ணுக்கு உரிமை கொடுத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தும், என் பேனாவின் பழக்கம் மாறியிருக்கவில்லை. அன்று அடைந்த வெட்கத்தை இன்றும் நான் மறக்கவில்லை.

அதன் பின் சட்டம் மேலும் நடந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி என்று தமிழ்நாடு 1989ஆம் ஆண்டு மார்ச்சு 25 முதல் விதித்தது. அந்த நாளுக்கு முன் மணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005இல் மத்தியச் சட்டம் இந்தியா முழுவதும் எல்லா மகள்களுக்கும் அந்த உரிமையை விரித்தது. அந்த ஆண்டு தந்தை உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். உயில் எழுதும் சுதந்திரம் இரு பக்கமும் வெட்டும் கத்தி. மகளைக் காக்க ஒரு தாய்க்கு அது உதவியதுபோல, மகளை விலக்க ஒரு தந்தைக்கும் அது உதவக்கூடும். எழுதுவோரின் மனத்தைச் சட்டம் திருத்திவிட முடியாது.

உயில் எழுதுவது பெரிய வித்தை அன்று. முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத் தாளே போதும். பதிவு செய்வது கட்டாயமும் அல்ல, செய்தால் பாதுகாப்பு. எழுதுபவர் தெளிந்த மனத்தோடு கையொப்பமோ கைந்நாட்டோ இடவேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட வேண்டும். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் வகுத்த முறை இது. சொத்தைப் பெறப்போகிறவரைச் சாட்சியாக வைக்காதே, நிறைவேற்றுபவரின் பெயரைக் குறிப்பிட மறவாதே என்று என் மூத்தவர் அடிக்கடி சொல்வார். பின்னர் எழுதும் உயில் முன்னதை மாற்றிவிடும். ஆகவே தேதி தெளிவாக இருக்கவேண்டும் என்பார். இவை அனைத்திற்கும் முதலாக அவர் சொன்னது, எழுதுபவரைத் தனியே உட்காரவைத்துக் கேள் என்பதே.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு இன்று உயில் எழுதும் வயதுமில்லை, எழுத வேண்டிய சொத்துமிராது. ஆனால் உங்கள் கல்விக்காக ஒருவர் செலவிட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கல்வியால் நாளை நீங்கள் ஈட்டும் பொருள் முழுவதும் உங்களுடையதே என்று 1930ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. வயலில் உழுத அண்ணனையும் நகையை விற்ற தாயையும் பற்றி அந்தச் சட்டம் ஒன்றும் கூறவில்லை. அதை உங்கள் பொறுப்பில் விட்டிருக்கிறது.